ஆயிரம் வருடம் தள்ளிப் பிறந்த பிள்ளைகள்: 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' ஓர் அறிமுகம்

ஸ்மால்வில் என்ற சின்ன ஊரில் கிளார்க் கென்ட் என்று ஒரு பள்ளிக்கூடப் பையன். கண்ணாடி போட்ட சாது. அவன்தான் சூப்பர்பாய், அதாவது வளர்ந்து சூப்பர்மேன் ஆகப்போகிறவன் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் முன்பின் பார்த்திராத மூன்று பேர் அவனிடம் வந்து, அவன் ரகசியத்தை ஏதோ வானிலை பற்றிப் பேசுவது போலச் சாதாரணமாகப் பேசுகிறார்கள். பையனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அப்புறம்தான் விஷயம் புரிகிறது. மூவரும் 30ஆம் நூற்றாண்டிலிருந்து கால இயந்திரத்தில் வந்தவர்கள். அவர்கள் காலத்தில் சூப்பர்பாய் யார் என்பது ஊரறிந்த சரித்திரம்.

அவர்களுடைய சூப்பர் ஹீரோ சங்கத்தில் சேர அவனைக் கூட்டிப்போகிறார்கள். மூவரோடும் தனித்தனியாகப் போட்டி போட வேண்டும். ஒவ்வொரு முறையும் நடுவில் ஏதோ ஆபத்து முளைக்கிறது. சூப்பர்பாய் போட்டியை விட்டுவிட்டு அதைக் கவனிக்கப் போகிறான், தோற்கிறான். மூன்றிலும் தோற்று முகம் வாடி நிற்கும்போது மூவரும் சிரிக்கிறார்கள். எல்லாம் சும்மா விளையாட்டு, உன்னை எப்போதோ சேர்த்தாகிவிட்டது என்கிறார்கள். அவ்வளவுதான் கதை. கல்லூரி விடுதியில் முதல் வருட மாணவனைச் சீண்டுவது போல ஒரு வேடிக்கை.

'அட்வென்சர் காமிக்ஸ்' 247ஆம் இதழில், 1958 ஏப்ரல் தேதியிட்டு இது வெளிவந்தது. வெளியிட்டது அமெரிக்காவின் டிசி காமிக்ஸ். எழுதியவர் ஆட்டோ பைண்டர், வரைந்தவர் அல் பிளாஸ்டினோ, ஆசிரியர் மார்ட் வைசிங்கர். ஒரு இதழோடு முடிந்துபோக வேண்டிய கதை, அறுபது வருடங்களைத் தாண்டி ஓடிய தொடரானது. அமெரிக்க சூப்பர் ஹீரோ உலகில் எதிர்காலத்தில் வாழும் அணி என்றால் ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் இதுதான். சுருக்கமாக லீஜன் என்பார்கள். பட்டாளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் இந்தத் தொடரைக் கண்டு மிரள்வது வழக்கம். உறுப்பினர்கள் இருபத்தைந்துக்கு மேல், நாலைந்து முறை கதையே அழிக்கப்பட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது, யார் உயிரோடு இருக்கிறார், யார் போய்ச் சேர்ந்தார் என்று கணக்கு வைக்கவே தனி நோட்டு வேண்டும். ஆனால் இதன் சரித்திரம் முழுவதையும் ஒரே முடிச்சு கட்டிப்போட்டிருக்கிறது. அந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

முடிச்சுக்குப் போகும் முன் அணியைப் பார்த்துவிடலாம்.

அந்த மூவர்: காஸ்மிக் பாய், சாட்டர்ன் கேர்ள், லைட்னிங் லாட். முதலாமவன் பிரால் என்ற கோளைச் சேர்ந்தவன், காந்த சக்தி உள்ளவன். இரண்டாமவள் சனிக் கோளின் துணைக்கோளான டைட்டனில் பிறந்தவள், அடுத்தவர் மனத்தைப் படிப்பாள். மூன்றாமவன் வினாத் கோளின் விவசாயப் பையன். அங்கே எல்லோரும் இரட்டையராகப் பிறப்பார்கள், ஒற்றைப் பிள்ளை பிறந்தால்தான் அதிசயம். மின்னல் விலங்குகள் தாக்கியதில் அவனுக்கு மின்னல் சக்தி வந்தது. இவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதை முதல் கதை சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து, 1968இல்தான் சொன்னார்கள். பூமிக்கு வரும் விண்கலத்தில் ஆர்.ஜே. பிராண்ட் என்ற பெரும் பணக்காரரைக் கொல்ல முயற்சி நடக்கிறது. அதே கலத்தில் வந்த மூவரும் அவரைக் காப்பாற்றுகிறார்கள். பழங்காலத்து சூப்பர்பாய் மாதிரி நீங்களும் ஏன் ஒரு அணியாகக் கூடாது என்று அவர் கேட்டு, செலவையும் ஏற்றுக்கொள்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மற்ற காமிக்ஸில் சக்தி என்பது விபத்து, சாபம், ஆய்வுக்கூடத்து அசம்பாவிதம். லீஜனில் பெரும்பாலும் அது சொந்த ஊர்தான். டைட்டனில் எல்லோருமே மனத்தைப் படிப்பவர்கள், பிராலில் எல்லோருக்குமே காந்த சக்தி. ஊரில் சாதாரண ஆளாக இருந்தவர் பூமிக்கு வந்தால் ஹீரோ. வெளிநாடு போனவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும்.

மேட்டர் ஈட்டர் லாட் என்று ஒருவன் 1962 டிசம்பரில் வந்தான். எதையும் தின்பான். இரும்பு, கல், எதிரியின் ஆயுதம், எதுவானாலும். காரணம் அவனுடைய பிஸ்மால் கோளில் நுண்ணுயிர்கள் பெருகி உணவெல்லாம் விஷமாகிவிட்டன. மக்கள் எதையும் செரிக்கும்படி மாறிக்கொண்டார்கள். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் யோசித்தால் பஞ்சத்தின் கதை அது. பவுன்ஸிங் பாயின் கதையில் அப்படி எந்த ஆழமும் இல்லை. குளிர்பானம் என்று நினைத்து ஒரு ரசாயனத்தைக் குடித்துவிட்டான், பந்து மாதிரி ஊதிக்கொண்டு துள்ளுகிறான். டிரிப்ளிகேட் கேர்ள் மூன்று உடல்களாகப் பிரிவாள். 1966இல் கம்ப்யூட்டோ என்ற இயந்திரம் அவளுடைய ஒரு உடலைக் கொன்றது. அதன் பிறகு அவள் பெயர் டியோ டேம்சல், அதாவது இரட்டைப் பெண். அந்த இயந்திரத்தைச் செய்ததே அணியின் மகாபுத்திசாலியான பிரெய்னியாக் 5தான். மனிதன் செய்த கணினி மனிதனுக்கே எதிராகத் திரும்பும் கதையைச் சிறுவர் இதழில் அப்போதே எழுதிவிட்டார்கள்.

சங்கத்துக்கு விதிகள் உண்டு. ஆரம்ப காலத்தில் பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும். ஒருவருக்கு இருக்கும் சக்தி இன்னொருவருக்கு இருக்கக் கூடாது. தேர்வு வைத்துத்தான் சேர்ப்பார்கள். தலைமையகம், மஞ்சள் ராக்கெட்டைத் தலைகீழாகத் தரையில் குத்தி வைத்தது போல ஒரு கட்டடம். தேர்வில் தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாகப் பறக்கும் பெல்ட் கொடுத்து அனுப்பிய கதையும் உண்டு. 1963இல் அப்படித் தோற்ற ஐந்து பேர் சேர்ந்து மாற்று ஆட்டக்காரர்கள் போல ஒரு அணி தொடங்கினார்கள். ஒருவன் கல்லாக மாறுவான், ஆனால் மாறிய பிறகு அசைய முடியாது. ஒருத்திக்கு அசுர பலம், ஆனால் இருட்டில் மட்டும். இன்னொருவன் செடிகளை வேகமாக வளர்ப்பான். நாற்பது தாண்டிய வாசகனுக்கு அசல் அணியைவிட இவர்கள்தான் நெருக்கமாகத் தெரிகிறார்கள்.

அணி வளர்ந்தது படிப்படியாகத்தான். முதல் கதைக்கு வாசகர்களிடம் வரவேற்பு இருந்ததால் 1959 டிசம்பரில் இன்னொரு முறை வந்தார்கள். 1960இல் சூப்பர்மேனின் உறவுக்காரப் பெண்ணான சூப்பர்கேர்ளைச் சந்தித்தார்கள், அடுத்த வருடம் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். 1962 செப்டம்பரில், அட்வென்சர் காமிக்ஸ் 300ஆம் இதழில், சொந்தத் தொடர் கிடைத்தது. எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். அடுத்து வந்த எட்மண்ட் ஹாமில்டன் விண்வெளிக் கதைகளில் பழுத்த கை.

அப்போதே ஒரு துணிச்சல் செய்தார்கள். 1963 ஜனவரியில் லைட்னிங் லாட் செத்துப்போனான். அணியில் ஒருவர் இறக்கப்போகிறார் என்று சாட்டர்ன் கேர்ளுக்கு முன்பே தெரியவருகிறது. அந்தச் சாவைத் தானே ஏற்றுக்கொள்ள அவள் திட்டமிட, அவன் அவளை முந்திக்கொள்கிறான். எட்டு மாதம் கழித்து அவனை உயிர்ப்பிக்கிறார்கள். அதற்கு இன்னொருவர் உயிரைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது யார் தெரியுமா? புரோட்டி என்ற செல்லப் பிராணி. உருவம் மாறும் அந்தப் பிராணி சாட்டர்ன் கேர்ளின் வடிவம் எடுத்து அவள் இடத்தில் நின்றுவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கான கதையில் இது.

காலக் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லீஜன் கதைகள் இதழ் வெளிவந்த வருடத்துக்குச் சரியாக ஆயிரம் வருடம் பின்னால் நடக்கும். 1958 என்றால் 2958, 1983 என்றால் 2983. வாசகனுக்கு ஒரு வயது ஏறினால் எதிர்காலத்துக்கும் ஒன்று ஏறும். ஆகவே இன்றைய கதைகள் 31ஆம் நூற்றாண்டில் நடக்கின்றன.

இனி ஜிம் ஷூட்டர். இவர் கதை லீஜன் கதைகளைவிடச் சுவாரசியமானது. பிட்ஸ்பர்க் நகரத்துப் பையன், அப்பா எஃகு ஆலைத் தொழிலாளி, வீட்டில் பணமுடை. மருத்துவமனையில் படுத்திருந்தபோது கிடைத்த காமிக்ஸையெல்லாம் படித்தவனுக்கு ஒன்று பட்டது. மார்வெல் நிறுவனத்தின் கதைகள் உயிரோடு இருக்கின்றன, டிசியின் கதைகள் சப்பென்று இருக்கின்றன. அப்படியானால் டிசிக்குத்தான் நம் உதவி தேவை! பதின்மூன்று வயதில் லீஜன் கதை எழுதி அனுப்பினான். கதை எழுதும் முறை தெரியாததால் ஒவ்வொரு கட்டத்தையும் படமாகவே வரைந்து அனுப்பினான். வைசிங்கர் வாங்கிக்கொண்டார், இன்னும் கேட்டார். எழுதுவது சின்னப் பையன் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. 1966 ஜூலை இதழில் முதல் கதை அச்சானபோது ஷூட்டருக்கு வயது பதினான்கு. பதின்பருவ ஹீரோக்களைப் பதின்பருவ ஆளே எழுதியதில் பேச்சும் சண்டையும் பொறாமையும் மாறிப்போயின.

1967இல் அவர் எழுதிய கதையில் சூரியன்களைத் தின்னும் ஒரு பிரம்மாண்ட மேகம் வருகிறது. ஃபெர்ரோ லாட் என்ற முகமூடிக்காரன் குண்டைச் சுமந்துகொண்டு அதற்குள் போய், அதை அழித்துத் தானும் அழிகிறான். லைட்னிங் லாட் போல இவன் திரும்பி வரவில்லை. முகமூடிக்குப் பின்னால் இருப்பவன் கறுப்பினத்தவன் என்று காட்டத்தான் தான் நினைத்திருந்ததாகவும், ஆசிரியர் சம்மதிக்கவில்லை என்றும் ஷூட்டர் பின்னாளில் சொன்னார். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அணியில் பச்சைத் தோல்காரன் இருந்தான், ஆரஞ்சுத் தோல்காரன் இருந்தான். ஆயிரம் வருடத்துக்குப் பிந்தைய பூமியில் கறுப்பு மனிதர் ஒருவர்கூட இல்லை. 1976இல்தான் டைராக் வந்தான். வந்தவனுக்குக் கொடுத்த பின்னணியோ, மற்றவர்களிடமிருந்து ஒதுங்கித் தனியாக வாழும் கறுப்பினத்தவரின் தீவு. கதையை வரைந்த மைக் கிரெல்லே அதில் தனக்கு உடன்பாடு இல்லை என்று பிறகு சொல்லியிருக்கிறார். எதிர்காலத்தைக் கற்பனை செய்யும்போது ராக்கெட் வரைவது சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

1969இல் லீஜன் தன் இடத்தை இழந்து வேறு இதழ்களின் பின்பக்கங்களுக்குத் தள்ளப்பட்டது. 1972இல் டேவ் காக்ரம் என்ற இளைஞர் வரைய வந்து உடைகளையும் விண்கலங்களையும் புதுசாக்கினார். சூப்பர்பாயின் இதழையே லீஜன் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பவுன்ஸிங் பாய்க்கும் டியோ டேம்சலுக்கும் நடந்த கல்யாணத்தை இரண்டு பக்கத்துக்கு வரைந்தார் காக்ரம். அந்த ஓவியத்தின் அசலைத் திருப்பிக் கேட்டதில் தகராறு வந்து விலகினார். போனவர் சும்மா போகவில்லை. லீஜனுக்காக யோசித்து வைத்திருந்த, இங்கே எடுபடாத, வாலும் நீல உடம்புமாக ஒரு பாத்திரத்தை மார்வெலுக்கு எடுத்துப்போனார். 1975இல் புதிய எக்ஸ்மென் அணியில் நைட்கிராலராக உலகப் புகழ் பெற்றது அதுதான். ஒரு கல்யாணப் படத்துக்கு டிசி கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

வாசகர்களுக்கும் இந்தத் தொடருக்கும் இருந்த உறவு தனி. அணித் தலைவர் தேர்தலில் வாசகர்கள் வாக்களித்தார்கள், உடை யோசனைகள் அனுப்பினார்கள், தங்களுக்குள் சிறுபத்திரிகை நடத்தினார்கள். அப்படி காமிக்ஸ் ரசிகராகச் சிறுபத்திரிகை நடத்திக்கொண்டிருந்த பால் லெவிட்ஸ் பின்னர் லீஜனின் எழுத்தாளரானார். அவரும் ஓவியர் கீத் கிஃபனும் சேர்ந்து 1982இல் 290 முதல் 294 வரையிலான இதழ்களில் 'தி கிரேட் டார்க்னஸ் சாகா' என்ற கதையைச் சொன்னார்கள். அந்த நேரத்தில் டிசியின் அதிகம் விற்ற தொடர்களில் லீஜனும் ஒன்று. தொடரின் உச்சம் அதுதான் என்பது என் கட்சி.

சரி, இப்போது முடிச்சு.

லீஜன் ஏன் உருவானது? பழங்காலத்து சூப்பர்பாயின் கதையைக் கேட்டு. சூப்பர்பாய் யார்? லீஜனின் உறுப்பினன். அவனைப் பார்த்து இவர்கள் ஹீரோவானார்கள், இவர்களோடு பழகி அவன் வளர்ந்தான். எதிர்காலம் இறந்த காலத்தில் சாய்ந்து நிற்கிறது, இறந்த காலம் எதிர்காலத்தில் சாய்ந்து நிற்கிறது. ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும் இரண்டு சீட்டுகள் மாதிரி.

1985இல் டிசி தன் கதை உலகம் முழுவதையும் ஒழுங்குபடுத்த முடிவு செய்தது. பல பூமிகள், பல சூப்பர்மேன்கள் என்று குழம்பிக் கிடந்ததை ஒரே பெருங்கதையில் அழித்து, ஒரே உலகமாக்கினார்கள். அடுத்த வருடம் ஜான் பைர்ன் சூப்பர்மேனின் வாழ்க்கையைப் புதிதாக எழுதினார். அதன்படி கிளார்க் கென்ட் பெரியவனான பிறகுதான் சூப்பர்மேன் ஆனான். சிறுவயதில் அவன் சூப்பர்பாயாக இருந்ததே இல்லை.

சூப்பர்மேனுக்கு அது நல்லதாக இருக்கலாம். லீஜனுக்கு முதலுக்கே மோசம். யாரைப் பார்த்துத் தொடங்கினார்களோ அவன் பிறக்கவே இல்லை என்றால் முப்பது வருடக் கதைகளை என்ன செய்வது?

பாதிப்பின் அளவு புரிய ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். மான் எல் என்று ஒரு உறுப்பினன். டாக்ஸம் கோளிலிருந்து 20ஆம் நூற்றாண்டு ஸ்மால்வில்லில் வந்து விழுந்தவன், நினைவு தப்பியவன். தன் அண்ணனாக இருக்குமோ என்று நினைத்த சூப்பர்பாய் அவனுக்குப் பெயர் வைத்தான். வந்தது திங்கட்கிழமை, ஆங்கிலத்தில் மண்டே. அதிலிருந்து 'மான்'. தான் பிறந்த கிரிப்டன் கோளில் தனக்கிருந்த குடும்பப் பெயரிலிருந்து 'எல்'. அவனுக்கு ஈயம் விஷம். சாகக் கிடந்தவனைப் பேய் மண்டலம் என்ற, வயதே ஏறாத நிழலுலகத்துக்கு சூப்பர்பாய் அனுப்பி வைத்தான். ஆயிரம் வருடம் கழித்து லீஜன் மருந்து கண்டுபிடித்து அவனை வெளியே எடுத்தது. இப்போது சூப்பர்பாயை உருவிவிடுங்கள். பெயர் வைக்க ஆளில்லை, காப்பாற்ற ஆளில்லை, மான் எல் இல்லை, அவன் ஜெயித்த சண்டைகள் இல்லை. ஒரு நூலை இழுத்தால் சட்டையே கழன்று வருகிறது.

லெவிட்ஸும் பைர்னும் 1987இல் ஒரு ஒட்டுப் போட்டார்கள். காலத்தை ஆளும் ஒரு வில்லன் சட்டைப்பை அளவில் தனிப் பிரபஞ்சம் ஒன்றைச் செய்து வைத்திருந்தானாம். லீஜன் ஸ்மால்வில்லுக்குப் போன போதெல்லாம் உண்மையில் அங்கேதான் போயிருக்கிறார்கள், அவர்கள் பழகிய சூப்பர்பாய் அங்கே இருந்தவன். கதையின் முடிவில் தன் உலகத்தைக் காப்பாற்றி அவன் உயிரை விடுகிறான். இப்படி நடந்து முடிந்த கதைக்குப் பின்னாளில் புது விளக்கம் கொடுப்பதை காமிக்ஸ்காரர்கள் ரெட்கான் என்பார்கள். இந்த ரெட்கான் மோசமில்லை, கண்ணீர்கூட வரவழைக்கும். ஆனால் நிலைக்கவில்லை.

1989இல் கிஃபன், டாம் மற்றும் மேரி பியர்பாம் தம்பதியோடு சேர்ந்து ஐந்து வருடம் தாவி 2994இல் கதையைத் தொடங்கினார். அணி கலைந்துவிட்டது, பூமி அந்நியர் பிடியில், எல்லோருக்கும் வயதும் கசப்பும் ஏறியிருக்கின்றன. பக்கத்துக்கு ஒன்பது சின்னக் கட்டங்கள், யார் யார் என்றே சொல்லாத வசனங்கள். இப்படி ஒரு நேரத்தில், சூப்பர்பாய் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லி நெருக்கடி வந்தது. மான் எல் 'வேலர்' ஆனான், லீஜனுக்கே அவன்தான் ஆதர்சம் என்றாக்கினார்கள். சூப்பர்கேர்ளின் இடத்தில் லாரல் கேண்ட் என்ற புதுப் பெண்ணை உட்கார வைத்தார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டு.

1994இல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கணினியை அணைத்துத் திரும்பப் போடுகிறோமே, அதே ரீபூட்தான். மூன்று பேர், விண்கலம், பணக்காரர் எல்லாம் மறுபடி. லைட்னிங் லாடுக்கு 'லைவ் வயர்' என்று நவீனப் பெயர். 2004 முடிவில் இன்னொரு ரீபூட். மார்க் வெய்டும் பாரி கிட்சனும் செய்த அந்த லீஜன், பிள்ளைகளை ஓயாமல் கண்காணிக்கும் பெரியவர்களின் ஒழுங்கான உலகத்துக்கு எதிரான இளைஞர் இயக்கம். யோசனை அருமை, நீடிக்கவில்லை. 2007இல் ஜெஃப் ஜான்ஸ் பழைய லீஜனைப் போலவே ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து, சூப்பர்மேன் சிறுவயதில் அவர்களோடு பழகியவன்தான் என்று சுற்றி வந்து அதே இடத்தில் நின்றார். அதற்கடுத்து ஒரு கதையில் மூன்று லீஜன்களையும் ஒன்றாக நிறுத்தி சண்டை போட வைத்தார்கள். ஓவியர் ஜார்ஜ் பெரஸ், கூட்டம் வரைவதில் மன்னர் என்பதால் பிழைத்தது. 2019இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ரயன் சூக்கும் இன்னொரு புதுத் தொடக்கம் செய்தார்கள். அதில் சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட் எதிர்காலத்துக்குப் போய்ச் சேர்கிறான். அப்பா இல்லாவிட்டால் பிள்ளை. எப்படியாவது அந்த வீட்டிலிருந்து ஒரு பையன் வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சிக்கு இந்தக் குழப்பமே இல்லை. 2006 முதல் 2008 வரை ஓடிய கார்ட்டூன் தொடர் 26 பகுதிகளில் கதையை எளிமையாகச் சொன்னது. இள வயது சூப்பர்மேனை எதிர்காலத்துக்கு அழைத்துப் போகிறார்கள், அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அங்கிருந்து தொடங்கலாம். 2023இல் வந்த அனிமேஷன் படத்தில் சூப்பர்கேர்ள் லீஜனின் பயிற்சிக் கூடத்துக்குப் படிக்கப் போகிறாள்.

காமிக்ஸாகப் படிக்க வேண்டும் என்றால் வரிசைப்படி போகாதீர்கள், 1958இலிருந்து தொடங்கினால் 1964க்குள் களைத்துவிடுவீர்கள். ஜான்ஸும் கேரி ஃபிராங்கும் செய்த 'சூப்பர்மேன் அண்ட் தி லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' ஆறு இதழ்தான், முன்கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிடித்தால் அடுத்தது லெவிட்ஸின் அந்த ஐந்து இதழ்கள். அந்தக் கதையில் ஆட்டுவிப்பவன் யார் என்பதை நெடுநேரம் இருட்டிலேயே வைத்திருப்பார்கள். அதனால்தான் மேலே நானும் பெயர் சொல்லவில்லை. அவனும் 20ஆம் நூற்றாண்டு ஆசாமிதான் என்பது மட்டும் போதும். தொகுப்பு கைக்கு வந்ததும் அட்டையை ஒரு செய்தித்தாளில் சுற்றிவிட்டுத் திறவுங்கள்.